நாலாவது வரி

"பொண்ணு நம்பரைப் போட்டா ரிசல்ட்டே வரலைம்மா. 'இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்'னு வருது. போன் பண்ணினா எப்பவும் எங்கேஜ்டு. என்ன வெப்சைட் நடத்தறீங்க?"

அடையாறிலிருந்து யாரோ ஒரு அப்பா. காலையிலிருந்து இது மூன்றாவது புகார்.

ஷண்முகப்ரியாவுக்குத் தலை சுற்றியது.

பன்னிரண்டு பள்ளிகளின் பிளஸ் டூ ரிசல்ட்டை இன்டர்நெட்டில் போடும் வேலை, தேனாம்பேட்டையில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்கு இந்த வருஷம்தான் கிடைத்திருந்தது. கேட்வேயை அமைத்தவள் அவள். யார் எந்த நம்பரைத் தட்டினாலும் முதலில் கேட்வேக்குத்தான் வரும். அது எந்தப் பள்ளி நம்பர் என்று பார்த்து, பின்னால் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்குத் தள்ளிவிடும்.

மூன்று கம்ப்யூட்டர், மூன்று வரி. அவ்வளவுதான் அவள் எழுதியது.

இப்போது நாலு வரி இருந்தது.

'நானா எழுதினேன்? தூக்கக் கலக்கத்துலயா?' திரும்ப எண்ணினாள். நாலுதான்.

நாற்பத்தொரு நம்பர்களை மட்டும் அந்த நாலாவது வரி வேறு எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால், ஆபீஸின் சீனியர் சுப்பராமன் சார் கேபினில் இருக்கும் கம்ப்யூட்டர்! திரையில் வரும் போன் நம்பரும் அவர் மேஜை நம்பர்தான்.

நாற்பத்தொன்றையும் மார்க் பட்டியலில் தேடினாள். ஒன்று விடாமல் எல்லாமே ஃபெயில்.

இன்னும் குழம்பிப்போய் முதலாளி பரத்வாஜிடம் ஓடினாள். அவர் சிரித்தார்.

"இதுகூடப் புரியலையா? அவர் மச்சினன் மேற்கு மாம்பலத்துல டுடோரியல் நடத்தறான். ஃபெயிலான பசங்க தானா போன் பண்ணினா, ஆள் பிடிக்கற வேலை மிச்சம். கையும் களவுமா பிடிச்சுட்டு வா, மீதியை நான் பாத்துக்கறேன்."

சுப்பராமன் சாரா? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷரா? அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தன் சீட்டுக்கு வந்து, ரிசீவரில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு அந்த நம்பரைச் சுழற்றினாள். நாலு தடவை எங்கேஜ்டு. அஞ்சாவது தடவை மணி அடித்தது.

"சார், ரிசல்ட் தெரியணும்." நாற்பத்தொன்றில் ஒரு நம்பரைச் சொன்னாள்.

"பேர் என்னம்மா?"

"ஜெயபாரதி."

"சாப்டியோ?"

இது என்ன கேள்வி! "இல்ல சார். ரிசல்ட்?"

"சொல்றேன், சொல்றேன். ஆத்துல அம்மா இருக்காளா? அவகிட்ட கொடேன்."

அப்படி வா வழிக்கு! பீஸ் கட்டப் போவது அம்மாதானே. டுடோரியல் பேரை அவர் வாயாலேயே வரவழைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான் இருக்கேன். எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை.

"கொழந்தே, உங்காம் எங்க இருக்கு? தெருப் பேரைச் சொல்லு."

"எதுக்கு சார்?"

"நானே நேர்ல வந்து சொல்றேன்."

தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுப்பராமன் எழுந்து நின்றிருந்தார். ரிசீவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே. கால் மேஜைக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.

"போனை மட்டும் வெச்சுடாதேம்மா. நீ இப்போ தனியா இருக்கப்படாது. எங்க ஆபீஸ்ல ஷண்முகப்ரியான்னு ஒரு பொண்ணு இருக்கா, தங்கமானவ. நான் ஆட்டோ பிடிச்சு வர வரைக்கும் அவ உன்னோட பேசிண்டிருப்பா!"