ஐந்தாவது மாடு

காங்கயத்துக்குத் தெற்கே மழை பொய்த்த மூன்றாம் ஆண்டு அது. மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் புல்லைக் காப்பாற்ற அரசு தரும் மானியத்துக்கு ஒரே நிபந்தனை: நான்கு மாடுகளுக்கு மேல் மேயக் கூடாது. எண்ணுவது அதிகாரியல்ல, நிலமே. குளம்பு பதிந்தால் அதற்குத் தெரிந்துவிடும்; எண்ணிக்கை மீறினால் உடையவர் கைபேசியில் அபாய மணி அடிக்கும்.

மயிலைப் பசு பதினைந்து நாள் முந்தியே, கிளுவை வேலியோரம் கன்று போட்டுவிட்டது.

நிவேதா ஓடிப்போய்க் கன்றை வாரி எடுத்துக்கொண்டாள். அது எழுந்து நின்றால் ஐந்து. அப்புறம் மூன்று வருடத்துக்கு மானியம் கிடையாது, தீவன வண்டியும் வராது. தூக்கிக்கொண்டு வெளியே போகலாமென்றால், வீட்டு வாசல்வரை மானியத் திட்ட நிலம்தான். இடுப்பு நோக, ஈரக் கன்றை ஏந்திப் பிடித்தபடியே தாய் மடியில் வாய் வைக்கவிட்டாள். அது காற்றில் உதைத்தது.

"ஏனுங்க, அஞ்சாவது மாட்டுக்கு அனுமதி வந்துச்சுங்களா?" காதில் மாட்டிய கைபேசியில் கத்தினாள். கணவன் சபரி திட்ட அலுவலகத்தில் காலையிலிருந்து நிற்கிறான்.

"குடுத்துருவாங்களாம் புள்ள. ஆனா கன்னு மொதல்ல நெலத்துல பதிவாகோணுமாமா."

"பதிவாகறதுன்னா?"

"நாலு காலும் மண்ணுல ஊனி நிக்கோணுமாமா."

"அப்படி நின்னா மானியம் போயிருமுங்களே!"

"அதையுந்தாஞ் சொன்னேன். அது வேற செக்சனுங்கறாங்க."

மயிலை கன்றையும் அவள் கைகளையும் சேர்த்தே நக்கியது. கைகள் மரத்துப்போயிருந்தன. நிவேதா மெல்லக் குனிந்தாள். முன்னங்கால்கள் நடுங்கிக்கொண்டே மண்ணில் ஊன்றின, பிறகு பின்னங்கால்கள். கைபேசியில் அபாய மணி அலறியது.

"என்ன புள்ள சத்தம்?"

"கன்னு நின்னுருச்சுங்க" என்றாள்.