ஓட்டை வாய்க்கு ஒரு தேர்வு

எதிரில் உட்கார்ந்திருந்த பெண் விசும்பி விசும்பி அழுதாள். நர்ஸுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

'எங்கே பிடித்தார்கள் இவளை! கண்ணீர், மூக்குச் சளி எல்லாம் அசல் மாதிரியே வருகிறதே' என்று மனசுக்குள் கைதட்டினாள். போன முறை நோயாளியாக நடித்த பெண் நடுவில் கொட்டாவி விட்டாள்.

வளரிளம் பருவத்தினர் நலனுக்கான முதுகலைப் படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு இது. பள்ளிக்கூடத்து நர்ஸாகவே காலத்தை ஓட்டியவள், இதில் தேறினால்தான் மாணவர் நல மையத்துக்குப் பொறுப்பாளராக முடியும். ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இனி வாய்ப்பு கிடையாது.

கோட்டை விட்டதற்குக் காரணம் அவள் வாய்தான். பிள்ளையாக நடிப்பவர் மனம் விட்டுப் பேசி முடித்ததும், அம்மாவாக நடிக்க ஒருவர் திடீரென்று உள்ளே வந்து "என்ன சொன்னா?" என்று குடைவார். போன முறை அம்மா வேஷத்தில் வந்த நூலகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதும், நர்ஸ் அத்தனையையும் போட்டு உடைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் அவளுக்கு வைத்திருந்த 'ஓட்டை வாய்' என்ற பெயர் அன்றோடு பல்கலைக்கழகம் வரை பரவியது. பாவம், அவரே பதினாறு வயதுப் பெண்ணாக நடித்துப் பயிற்சியும் கொடுத்தார். மீசையைத் தடவிக்கொண்டே "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலை" என்று அவர் சிணுங்கியதில் சிரிப்பு வந்ததே தவிர, பயிற்சி வரவில்லை.

இன்று மணி அடிக்கும்வரை வாசலில் நிற்க அவளுக்குப் பொறுமையில்லை. கதவு திறந்திருந்தது, யூனிஃபார்மோடு பெண் தயாராக உட்கார்ந்திருந்தாள்; போய் ஆரம்பித்துவிட்டாள். சுவரிலிருந்த கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேராசிரியை பார்ப்பார், சுறுசுறுப்புக்கு ஒரு மார்க் கூடக் கிடைத்தாலும் கிடைக்கும்.

"நீ சொல்றது இந்த ரூமைத் தாண்டாது கண்ணு. உன் உயிருக்கு ஏதாவது ஆபத்துன்னா மட்டும்தான் மத்தவங்ககிட்ட பேசுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்."

கொடுத்திருந்த குறிப்பில் 'அடிக்கடி தலைவலி' என்று இருந்தது. இந்தப் பெண்ணோ தலையைப் பற்றி மூச்சே விடவில்லை. 'சுற்றி வளைத்துச் சோதிக்கிறார்களாக்கும்' என்று நினைத்த நர்ஸ், அறிவுரை சொல்லத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"மத்தியானம் பாத்ரூம்ல உட்கார்ந்துதான் சாப்பிடுறேன்" என்றாள் பெண் கடைசியில். "என்கூட இருந்தவங்க எல்லாம் இப்ப வேற செட்டு. நான் போய் உட்கார்ந்தா எழுந்து போயிடறாங்க. இன்னைக்கு முடியலை, பாதியிலேயே கிளம்பி வந்துட்டேன்."

"வீட்ல சொன்னியாம்மா?"

"அம்மாகிட்டயா? எதைச் சொன்னாலும் அதுக்கு ஒரு பேரு வச்சிடுவாங்க. சும்மா இருந்தா ஒரு பேரு, கத்தினா ஒரு பேரு. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க வைத்தியத்தையே முடிச்சிடுவாங்க."

வசனம் எழுதியவருக்குப் பரிசே கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும், அந்தப் பாத்ரூமை நினைத்ததும் இது நடிப்பு என்பதே நர்ஸுக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. தன் கைக்குட்டையை நீட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க நின்றவர் பேராசிரியை!

"இங்கேயா இருக்கே? ஸ்கூல்ல இருந்து போன் வந்ததுலேர்ந்து எங்கெல்லாம் தேடறது! உசிரே போயிடுச்சு!"

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆகா, இந்த முறை அம்மா வேஷம் பேராசிரியைக்கேவா! அவருடைய ஒரு செருப்பின் வார்கூட அவிழ்ந்து கிடந்தது, அவ்வளவு தத்ரூபம்.

"உங்ககிட்ட என்ன சொன்னா? பதற்றமா? மனச்சோர்வா? சொல்லுங்க!"

"மன்னிக்கணும் மேடம். சொல்ல மாட்டேன்."

"நான் அவளைப் பெத்தவ!"

"இருக்கட்டும் மேடம். அது அவ விஷயம்."

பேராசிரியையின் கண்கள் கலங்கின. விஷயம் நர்ஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நூலகரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். சாதாரண நாளில் அவர் வகுப்பில் இருமக்கூடப் பயப்படுகிறவள், இன்று துணிந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இப்படி உட்காருங்க. அவளுக்கு இஷ்டமிருந்தா அவளே சொல்லுவா. அவ முடிக்கிறவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பெண் நர்ஸை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே பாத்ரூமில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் பேராசிரியை வாயெடுத்தபோதெல்லாம் நர்ஸ் விரலை உயர்த்தினாள், அவரும் அடங்கிப் போனார்.

கடைசியில் பேராசிரியை எந்தப் பெயரும் வைக்கவில்லை. பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அழுததைப் பார்த்து நர்ஸும் மூக்கை உறிஞ்சினாள்.

மணி அடித்தது. அப்பாடா, தேர்வு முடிந்தது!

"மேடம், பிச்சு உதறிட்டீங்க!" என்று கைதட்டியபடி எழுந்தாள் நர்ஸ். "நூலகர் எல்லாம் உங்ககிட்ட பாடம் படிக்கணும். நீயும்தான் கண்ணு, பேசாம சினிமாவுக்கே போயிடலாம்."

அழுத முகத்தோடு இருவரும் அவளைத் திருதிருவென்று பார்த்தார்கள். அப்போது கதவைத் தட்டிவிட்டு, நெற்றியில் கை வைத்தபடி இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"தலைவலிப் பொண்ணு நான்தான் மேடம். ஆரம்பிக்கலாமா?"