முதலில் கிடத்திய கை

பிள்ளைக்கடத்தலுக்குப் பயந்துதான் தாரகை தானாக மூடிக்கொள்ளும் அந்த நவீனத் தொட்டிலை வாங்கினாள். முதலில் குழந்தையைக் கிடத்துபவளையே அது தாயாக ஏற்கும். வேறு யாருக்கும் மூடியைத் திறக்காது.

பெயர் சூட்டும் சடங்கின் சந்தடியில் அது யாருக்கும் நினைவில்லை. வழக்கப்படி கணவனின் அக்கா கோதைதான் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். போட்ட கையோடு விமானம் ஏறினாள்.

மதியம் குழந்தை பசியில் வீறிட்டது. மூடி அசையவில்லை. கோதையின் போன் அணைந்திருந்தது. தாரகையின் ரவிக்கை பாலில் நனைந்தது.

“திற! நான்தான் அதோட அம்மா!” என்று மூடியில் ஓங்கி அடித்தாள்.

தொட்டில் கோதையின் குரலில் பேசியது. “யாரும்மா நீ? தள்ளி நில்லு. புள்ள பயப்படுதுல்ல?”

பிறகு மெல்ல ஆடத் தொடங்கியது.

குழந்தை அழுகையை நிறுத்தி, குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தது.