ஆறு வாரத் தார்ப்பாய்

தார்ப்பாயை இழுத்ததும் மேயர் கெலெமெனின் முகம் சுண்டிவிட்டது. ஆறு வாரம் மூடிக் கிடந்த செப்புச் சிலைத் தீயணைப்பு வீரர், நூறு வருஷப் பச்சைக் களிம்போடு அப்படியே நின்றார்.

"எங்க வீட்டுக் குழாயே இதைவிடப் பளபளன்னு இருக்கும்" என்றார் கூட்டத்திலிருந்த கசாப்புக்காரர்.

மேயர், சிலையைப் பழுதுபார்த்த எமோகேயிடம் திரும்பினார். "ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலையேம்மா. அடுத்து சர்ச்சோட செப்புக் கூரையை எப்படி உன்னை நம்பி விடறது?"

"பச்சையைச் சுரண்டினா செம்பை மழை தின்னுடும் ஐயா. அது அவரோட தோலு. கழுவி, மெழுகு பூசினேன்."

"அதுக்கா ஆறு வாரம்?"

"அது ரெண்டு நாள் வேலை. குளிர்காலத்துல லாரி மோதி இவரோட ஒரு கை நசுங்குச்சே, புதுச் செம்புல கை அடிச்சு மாட்டி, அதுல இதே பச்சையை ஏத்தத்தான் மிச்ச நாளும். எது புதுக் கைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

நசுங்கிய கையைச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போனதே மேயர்தான். சிலையை இரண்டு முறை சுற்றி வந்தார். கசாப்புக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வலது" என்றார். பிறகு, "இல்ல, இடது" என்றார்.

மேயர் தொப்பியைக் கழற்றினார். "திங்கட்கிழமை சர்ச் கூரைல ஏறிடும்மா. அது சரி, எந்தக் கை?"

"இருங்க ஐயா, நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."