பதினான்காம் எண்ணில் ஒரு வாத்து

அவள் காரைத் திருப்பி உள்ளே நுழைத்தபோது, வாத்து கழுத்தை நீட்டிச் சீறியது.

பதினான்காம் எண். அவளுடைய வாடகை வீட்டோடு சேர்த்துத் தரப்பட்ட கார் நிறுத்துமிடம். அதன் தலைமாட்டில், மரச்சில்லுகள் பரப்பிய சிறு பாத்தியில், ஒரு கனடா வாத்து கூடு கட்டி உட்கார்ந்திருந்தது. அதன் இணை புல்வெளியிலிருந்து இறங்கி, சிறகை விரித்து, காரை நோக்கியே நடந்து வந்தது.

காருக்கு அஞ்சாத ஓர் உயிரை அவள் இந்த நாட்டில் அன்றுதான் பார்த்தாள்.

பின்வாங்கினாள். தெருவோரத்தில் நிறுத்தினாள்.

அந்த வாரம்தான் குடியிருப்பின் மேலாளர் மார்லீன் அவளைக் கூப்பிட்டு, வருத்தத்தோடு ஒரு செய்தி சொல்லியிருந்தார். அவள் வேலை பார்த்த நிறுவனம் பனிக்காலத்தில் அவளுடைய பிரிவையே மூடிவிட்டது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விதியில்லை. மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

வேறு வீடு கேட்டுப் போன இடங்களிலும் முதலில் சம்பளச் சீட்டைத்தான் கேட்டார்கள்.

மறுநாள் காலை, மார்லீன் கூட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்தார். ஓர் அட்டையும் நட்டார். குஞ்சு பொரிக்கும் வரை யாரும் நெருங்கக் கூடாது. கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம்.

அவள் அந்த அட்டையை நின்று படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

காப்பிக் கோப்பைகளோடு அக்கம்பக்கத்தார் கூடினார்கள். வாத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கருத்து எல்லோரிடமும் இருந்தது.

வீட்டு விலை ஏறிய ஏற்றத்தில் வாத்தும் வாடகைக்கு வந்துவிட்டது என்றார் ஒருவர். மின்சாரக் கார் வைத்திருந்த பெண்மணி, எல்லோரும் சத்தமில்லாத கார் வாங்கினால் பறவைக்கு நிம்மதி என்றார். முட்டை விலைக்கு யார் பொறுப்பு என்று இருவர் தனியே ஒரு சண்டையைத் தொடங்கினார்கள்.

பக்கத்து இடம் டுவைட்டுடையது. பெரிய பிக்கப் வண்டி; பின்கண்ணாடி முழுக்கத் தேர்தல் ஸ்டிக்கர்கள். வெளியாட்கள் வந்ததால்தான் வேலைகள் போயின என்பது அவருடைய முடிவு. அதை அவளிடமே ஒருமுறை சொல்லியிருந்தார். கோபமாக அல்ல, நாளை மழை வரும் என்பதைப்போல.

"வாத்துக்கு ஒரு சட்டம், மனுஷனுக்கு ஒரு சட்டம். வாஷிங்டன்ல உட்கார்ந்து இதைத்தான் எழுதுறாங்க," என்றார் டுவைட். சற்று நேரம் கழித்து, "ஆனா சட்டம்னா சட்டம்தான்," என்றும் சொன்னார்.

மாடி வீட்டு இளவழகன் அவள் காதருகே குனிந்தான்.

"கனடாவுலேருந்து வந்திருக்கு. விசா எங்கேன்னு கேக்க ஒரு ஆளில்ல பாருங்கக்கா."

அவள் சிரித்தாள். சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

மாதக் கடைசி நெருங்கியது. பாத்திரங்களைப் பெட்டிகளில் அடுக்கினாள். பெட்டிகளை எங்கே கொண்டுபோவது என்பது மட்டும் தெரியவில்லை.

ஒரு மாலை, மார்லீன் கதவைத் தட்டினார்.

அவளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குக் குடிவரவிருந்தவரிடம் நீளமான வேன் ஒன்று இருந்தது. வாசலருகே நிறுத்த இடமில்லாவிட்டால் வர மாட்டேன் என்கிறாராம்.

"வாத்தை நான் என்ன செய்ய முடியும், ஹனி? அது எழுந்து போற வரைக்கும் நீயே இருந்துக்கோயேன். வீடு சும்மா கிடக்கிறதுக்கு அது பரவாயில்ல."

அவள் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்து, பால் காய்ச்சினாள்.

மறுநாளே இந்த ஏற்பாடு குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சன்னலோரத்தில் உட்கார்ந்தாள். வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பினாள். இடையிடையே வாத்தைப் பார்த்தாள். அது எப்போது தூங்குகிறது? முட்டைகளை ஏன் அலகால் புரட்டுகிறது? ஆலங்கட்டி மழையிலும் எழாமல் இருக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

டுவைட்டையும் பார்த்தாள். பக்கத்தில் கார் இல்லாததால், வண்டியின் கதவை முழுக்க அகலத் திறந்து, நிதானமாக இறங்குவார். இறங்கியதும் கூம்புகளுக்கு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்ப்பார். பிறகு, யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்ப்பார்.

ஒரு நிறுவனம் அவளை நேர்காணலுக்கு அழைத்தது. நன்றாகவே முடிந்தது. திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கூடு காலியாக இருந்தது.

உடைந்த ஓடுகள். கொஞ்சம் இறகுப் பஞ்சு.

கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில், தாய்க்கும் தந்தைக்கும் நடுவே, மஞ்சள் குஞ்சுகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன.

அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, காலிக் கூட்டின் அருகே நின்று, திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள்.

டுவைட் தம் வண்டியின் அருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அலுவலகக் கதவு திறந்தது. கையில் காப்பியோடு மார்லீன் வந்துகொண்டிருந்தார், வழக்கம்போல் கூட்டைப் பார்த்துவிட்டுப் போக.

டுவைட் இரண்டு எட்டு முன்னால் வந்து, கூம்புகளை மறைத்து நின்றார். அகலமான மனிதர்.

"கிட்ட வராதே, மார்லீன்! இன்னைக்கு ரொம்பக் கோபமா இருக்கு. என்னையே கொத்த வந்துச்சு."

மார்லீன் சட்டென்று நின்றார்.

"இன்னும் எத்தனை நாளாம் அதுக்கு?"

டுவைட் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்தபடியே காத்திருந்தார்.

"திங்கட்கிழமை வரைக்கும் ஆகும் போலிருக்கு," என்றாள் அவள்.