பத்துக்கு ஒன்று

"உங்கட தங்கச்சி வீட்டுப் பக்கம் இனி நான் தலைவைச்சும் படுக்கமாட்டன்."

இராசமணி கத்தியபோது புருசன் தங்கத்துரை பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. வாய் திறந்தால் வீடு இரண்டுபடும்.

கோபம் சும்மா வரவில்லை. அவளும் மச்சாள் அருள்நாயகியும் எட்டு வருடமாக ஒரே கட்டடத்தில் கிளீனிங் வேலை. இருவருக்கும் முழங்கால் ஒரேமாதிரித் தேய்ந்துவிட்டது. இரண்டாயிரத்துப் பதினாறு மாசியில், ஒரு ஆசுப்பத்திரியில் புதுச் சிகிச்சை ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒன்றாகத்தான் போனார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு, மூலச் செல்களை எடுத்து வளர்த்து, முழங்காலுக்குள் விடுவார்களாம்.

அருள்நாயகியை எடுத்தார்கள். இராசமணிக்கு, உங்களுக்கு முழங்கால் வருத்தம் காணாது, சேர்க்க ஏலாது என்று கடிதம் வந்தது.

காணாதாம். படி ஏற ஏலாட்டி வேலையை விட்டு நில்லுங்கோ என்று சுப்பவைசர் வேறு சொல்லிவிட்டான்.

அன்று மொழிபெயர்க்கக் கூடப்போனது அருள்நாயகியின் மகள் கஜனி. தாயை உள்ளே தள்ளிவிட்டு என்னைக் கழித்துவிட்டாள் என்று மோர்னிங்சைட்டில் இருக்கிற தமிழாக்கள் எல்லாருக்கும் ரெலிபோனில் சொல்லி முடித்தாள் இராசமணி. ஒரு பிறந்தநாள் வீட்டில் கஜனி நீட்டிய கேக்கையும் தட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கஜனியே வந்து நின்றாள். கையில் இராசமணி நிரப்பிக் கொடுத்த ஆசுப்பத்திரித் தாளின் போட்டோக்கொப்பி.

"மாமி, நான் கார் நிப்பாட்டிப்போட்டு வாறதுக்குள்ள நீங்களே வட்டம் போட்டிட்டியள். பாருங்கோ."

பூச்சியத்திலிருந்து பத்துவரை இலக்கங்கள். ஒன்று என்ற இலக்கத்தைச் சுற்றி வட்டம்.

"ஓம், நான்தான் போட்டனான். இந்த முழங்காலுக்குப் பத்துக்கு ஒண்டுக்கு மேல எந்த வாத்தியார் மாக்ஸ் போடுவார்?"

"அது காலுக்குப் போடுற மாக்ஸ் இல்லை மாமி. கால் நோகிறது எவ்வளவு எண்டு கேட்டவங்கள். பத்தெண்டாத்தான் தாங்கேலாத நோ."

இராசமணிக்கு ஊரெல்லாம் திட்டித்தீர்த்தது நினைவில் வர, முகம் சுருங்கிவிட்டது. பெட்டையை இழுத்து இருத்தி, சீனி கூடப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தான் ஒரு விசரி, மனதில் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லித் தானே சிரித்தாள்.

கஜனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மாவும் உங்களை மாதிரித்தான் மாமி. அவாவும் ஒண்டுக்குத்தான் வட்டம் போட்டவா. நல்லகாலம், நான் கண்டு, அதை வெட்டிப்போட்டு ஒன்பதில போட்டுக் குடுத்தனான்."

இராசமணியின் சிரிப்பு நின்றது.

"என்ர தாளையும் நீதானே வாங்கிக்கொண்டுபோய்க் குடுத்தனி. அதைக் காணேல்லையோ பிள்ளை?"

கஜனி கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"கண்டனான். இடம் ஒண்டுதானே மாமி இருந்தது."