இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி

பெரம்பலூரில் சிமெண்ட் கடைக்கு மேலே, உறுப்பினர் எல்லோரும் சகோதரர் என்று சொல்லும் எங்கள் ஃப்ரீமேசன் சங்கக் கூடத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. புதிதாகச் சேரும் கால்நடை டாக்டர் நல்லமுத்து நடுவில் நிற்கிறார். மோதிரம், கடிகாரம், புது நோக்கியா எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, வெறும் ஆளாகத்தான் இங்கே நுழைய வேண்டும். எங்களை ரகசியக் கும்பல் என்று பேசுகிற ஊர்க்காரர்கள் இப்போது வந்து பார்க்கட்டும். உறுதிமொழி முடிந்ததும், சங்கத்தின் வெள்ளை ஏப்ரனை இடுப்பில் கட்டிவிட மூத்த உறுப்பினர் வைத்திலிங்கம் எழுந்து வருகிறார். திருமானூர் மிராசுதார். நல்லமுத்துவின் அப்பா, பாவாடை என்பவர், இந்த மிராசுதார் வீட்டுப் பண்ணையாள்; சாகும்வரை அந்த வாசலில் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். “நானே கட்டிக்கிறேங்க ஐயா.” நல்லமுத்து ஏப்ரனுக்குக் கை நீட்டுகிறார். “இங்க ஐயால்லாம் கிடையாது. பிரதர்னு சொல்லுங்க” என்கிறார் வைத்திலிங்கம். எழுபது வயது உடம்பு மெல்லத் தரையில் முழங்காலை ஊன்றுகிறது. மூட்டு சொடுக்கும் சத்தம் எங்கள் நாற்காலிவரை கேட்கிறது. நல்லமுத்துவின் இடுப்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுபோய், முடிச்சுப் போட்டுவிட்டு, வைத்திலிங்கம் அண்ணாந்து பார்த்துக் கேட்கிறார்: “இறுக்குதுங்களா?”